ஏழே முக்காலும் குவார்ட்டர் டு எய்ட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் ஆங்கிலத்தில் மணி சொல்லும்போது அதிகம் தடுமாறுவது முக்காலில்தான். தமிழில் 7.45 என்பது ஏழே முக்கால், அதாவது கடந்த மணியோடு சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கிலமோ வரப்போகும் மணியைப் பிடிக்கிறது: குவார்ட்டர் டு எய்ட். ஏழை மனதில் வைத்து 'குவார்ட்டர் டு செவன்' என்றால் அது 6.45, முழுதாக ஒரு மணி நேரம் பிசகிவிடும். முள் 30-ஐத் தாண்டியதும் அடுத்த மணிக்கு மாறிவிடுங்கள்.

பேச்சில் அருகிலுள்ள ஐந்து நிமிடத்துக்கு முழுமையாக்கினால் போதும். 7.28 என்றால் 'ஆல்மோஸ்ட் ஹாஃப் பாஸ்ட் செவன்', 7.32 என்றால் 'ஜஸ்ட் ஆஃப்டர் ஹாஃப் பாஸ்ட் செவன்'. ஐந்து, பத்து, இருபதுக்கு 'மினிட்ஸ்' வேண்டாம். ஏழு, பதின்மூன்று போன்றவற்றுக்குச் சேர்க்க வேண்டும். 'ஓ க்ளாக்' முழு மணிக்கு மட்டுமே.

இந்த ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் பேச்சில் 'ஹாஃப் செவன்' என்றால் 7.30. இந்நாட்டு மொழிகளில் ஒன்றான ஆப்பிரிக்கான்ஸில் 'ஹால்ஃப் செவெ' என்றால் 6.30, ஏழுக்கு அரை மணி முன்பு! ஆகவே 'பாஸ்ட்' என்ற சொல்லை விழுங்காதீர்கள். எதிராளி விழுங்கினால் 'செவன் தர்ட்டியா?' என்று கேட்டுவிடுங்கள்.

'ஜஸ்ட் நௌ வருகிறேன்' என்பதை நம்பிக் கதவருகே நிற்கவும் வேண்டாம். இங்கே அதற்குப் 'பிறகு எப்போதாவது' என்றே பொருள். சீக்கிரம் என்றால் 'நௌ நௌ'. ரயில், விமானம், மருத்துவர் நேரங்களை மட்டும் முழுமையாக்காமல் 'செவன் ட்வென்டி எய்ட்' என்று உள்ளபடியே சொல்லுங்கள்.