தொப்பைமேல் வளைந்த டேப்

தமனி விறைப்புப் பரிசோதனையில் ஒரே பெரியவருக்கு, உடன் வேலை செய்பவர் அளந்தபோது நாடி அலை வேகம் (துடிப்பு தமனி வழியே ஓடும் வேகம்; தமனி விறைத்தால் இது கூடும்) வினாடிக்கு 8 மீட்டர். நான் அளந்தால் 8.8. முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன். தூரத்தை நேரத்தால் வகுத்துத்தான் இந்த வேகம் கிடைக்கிறது; கோளாறு தூரத்தை அளந்த என் டேப்பில் இருந்தது. கழுத்துத் துடிப்பிலிருந்து தொடை இடுக்குத் துடிப்புவரை இழுத்தபோது அது தொப்பைமேல் வளைந்து 66 செ.மீ. காட்டியது, நேர்கோட்டில் 60தான். 2012 நிபுணர் பரிந்துரைப்படி அளந்த தூரத்தை 0.8ஆல் பெருக்கினாலும் இந்த வளைவுப் பிழை அப்படியே தங்கிவிடும். உடல் பருத்தவர்களை இது, தமனி விறைத்துவிட்டது என்று கருதப்படும் வினாடிக்கு 10 மீட்டர் எல்லைக்கு மேலே தள்ளிவிடலாம். பாவம், அவர்களுக்கு வீண் பயம்.

இப்போது துடிப்பு பலமாகக் கிடைக்கும் இரண்டு இடங்களையும் பேனாவால் குறித்துவிட்டு, நீளமான காலிப்பரின் (இரு கைகளுக்கு இடையிலான நேர்த் தூரத்தைக் காட்டும் அளவுகருவி) கைகளை அந்தப் புள்ளிகளில் வைக்கிறேன். தண்டு வயிற்றைத் தொடாமல், படுக்கைக்கு இணையாக நிற்க வேண்டும். இரண்டு முறை அளக்கிறேன். மறுவாரம் அதே பெரியவருக்கு இருவர் கையிலும் 60 வந்தது.