சித்த மருந்தையும் ஆங்கில மருந்தையும் சேர்த்து எடுக்கும்போது

இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ நாள்தோறும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சூரணமோ லேகியமோ தொடங்குவதற்கு முன், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் ஒன்றிரண்டு விடுபட்டுப்போகும். இருமலுக்கு எல்லோரும் நம்பும் அதிமதுரத்தையே பார்ப்போம்: அதிலுள்ள கிளைசிரைசின், தொடர்ந்து உட்கொள்ளும்போது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், ஃபுரோசிமைடு போன்ற நீர் மாத்திரையோ இதய மருந்தான டிகாக்சினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தானது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. வழக்கமான சமையலில் சேரும் பூண்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்கு எடுக்கும் இசப்கோல் உமியை மற்ற மாத்திரைகளிலிருந்து 2 மணி நேரம் தள்ளி, நிறையத் தண்ணீருடன் குடிக்க வேண்டும். வாங்கும்போது லேபிளில் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் உள்ளனவா என்று பாருங்கள். பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயரில்லாப் பொடியை, யார் பரிந்துரைத்தாலும், வாங்காதீர்கள்.