பழைய ஃபிலிம் லென்ஸை டிஜிட்டல் லைக்கால மாட்டுறது எப்படி?

டிஜிட்டல் லைக்கா எம் பாடி ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல எப்படியோ வாங்கியாச்சு, அதுவே கையைக் கடிச்சிருச்சு, இப்ப லென்ஸ் விலையைப் பாத்தா தலை சுத்துது. அந்த நிலைமைல இருக்கறவங்களுக்குத்தான் இது. பல பத்து வருஷம் பழைய எம்39 ஸ்க்ரூ லென்ஸ் கூட ஒரு சின்ன அடாப்டர் போட்டா இதுல வேலை செய்யும், ரேஞ்ச்ஃபைண்டர் ஃபோகஸோட சேத்து (வியூஃபைண்டர்ல ரெண்டா தெரியற பிம்பத்தை ஒன்னா சேத்து ஃபோகஸ் பண்றதுதான் ரேஞ்ச்ஃபைண்டர்). மாட்டுறது ரெண்டு நிமிஷ வேலைதான். லென்ஸும் ரேஞ்ச்ஃபைண்டரும் ஒரே தூரத்தைச் சொல்லுதான்னு பாக்கறதுலதான் நிஜமான வேலை இருக்கு, நிறைய பேரு அதைப் பண்ணாமலே "பழைய லென்ஸ்னா இப்படித்தான் மங்கலா வரும்"னு லென்ஸ் மேல பழியைப் போட்டுடறாங்க.

உதாரணத்துக்கு சோவியத் ஜூபிட்டர்-8, 50 எம்எம் எஃப்2, ஸ்க்ரூ மாடல். பாடி எம்240.

ஸ்டெப் 1: லென்ஸைப் பாத்து வாங்கறது

மொபைல் டார்ச்சை பின்பக்கமா அடிச்சு, லென்ஸை லேசா சாய்ச்சு சாய்ச்சு உள்ளே பாருங்க. பனிமூட்டமா தெரிஞ்சா ஹேஸ், நூல் நூலா கிளை விட்டு ஓடினா ஃபங்கஸ். ஹேஸ் பெரும்பாலும் க்ளீன் பண்ணா போயிடும், ஃபங்கஸ் கோட்டிங்கை அரிச்சிருந்தா தழும்பு தங்கிடும், நம்ம கடலோர ஊர் ஈரத்துல அது இன்னும் சீக்கிரம் பரவும், அதனால சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க. முன் கண்ணாடில ரெண்டு கீறல் இருந்தா பயப்படாதீங்க, பின் கண்ணாடில இருந்தாத்தான் யோசிக்கணும். அபெர்ச்சர் ப்ளேடுல எண்ணெய் இருக்குன்னு சிலர் விலை குறைச்சு விப்பாங்க, எஸ்எல்ஆர் லென்ஸ்ல ப்ளேடு தானா மூடணும், அதனால அது தொல்லை, இதுல ப்ளேடை நாமளே கையால திருப்பறோம், அதனால தைரியமா வாங்கலாம்.

ஸ்டெப் 2: அடாப்டர்

ஸ்க்ரூ மவுண்டுக்கு லென்ஸ் உக்கார்ற விளிம்புல இருந்து ஃபிலிம் வரைக்கும் 28.8 எம்எம் தூரம். 1954ல எம்3-யோட வந்த எம் மவுண்டுக்கு 27.8. நடுவுல இருக்கற அந்த 1 எம்எம் தான் அடாப்டரோட தடிமன். அதுல கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஃபோகஸ் தள்ளிப் போயிடும், அதனால கண்ட அடாப்டரை வாங்காதீங்க. அடுத்து, அடாப்டர் 3 வகை: 28/90, 35/135, 50/75. வியூஃபைண்டர்ல எந்த ஃப்ரேம் லைன் (படத்துல எவ்வளவு வரும்னு காட்டற கட்டம்) தெரியணும்ங்கறதை அதுதான் முடிவு பண்ணும். நமக்கு வேண்டியது 50/75.

லென்ஸை அடாப்டர்ல கையால திருகுங்க, இறுக்கி முறுக்க வேணாம். அப்புறம் சிவப்புப் புள்ளியைப் பாத்து பாடில வச்சு க்ளிக் வர்ற வரைக்கும் திருப்புங்க. கழட்டும்போது பட்டனை முழுசா அமுக்காம திருப்பினா லென்ஸ் மட்டும் கழண்டு அடாப்டர் பாடிலயே உக்காந்துக்கும். பதறாதீங்க, பட்டனை அமுக்கிக்கிட்டே அடாப்டர் விளிம்பைப் பிடிச்சு திருப்பினா வந்துடும்.

ஒரு எச்சரிக்கை. லைக்காவோட பழைய எல்மார் மாதிரி உள்ளே மடங்கற லென்ஸை டிஜிட்டல் பாடில மடக்கவே மடக்காதீங்க, உள்ளே எங்கயாவது இடிச்சா செலவு பெருசு. ஜூபிட்டர்-12 (35 எம்எம்) பின் கண்ணாடி ரொம்ப ஆழமா உள்ளே போகும், முதல் லென்ஸா அது வேணாம்.

ஸ்டெப் 3: மெனு

புது லைக்கா லென்ஸ்ல மவுண்ட்டுல 6-பிட் குறியீடு (code) இருக்கும், கேமரா அதைப் படிச்சு என்ன லென்ஸ்னு தெரிஞ்சுக்கும். பழசுல அது கிடையாது. 50 எம்எம்முக்கு லென்ஸ் டிடெக்‌ஷனை ஆஃப்ல வச்சாலே போதும். 28, 21னு வைடா போனா வெளிச்சம் சென்சார் ஓரத்துல ரொம்ப சாய்வா விழும், ஓரம் சிவந்து போகும், அப்ப மேனுவல் லிஸ்ட்ல அதுக்கு கிட்டத்துல இருக்கற லென்ஸைத் தேர்ந்தெடுங்க. ஷட்டர் டயலை 'ஏ'ல வைங்க, அபெர்ச்சர் உங்க கைல, ஸ்பீடை கேமரா பாத்துக்கும்.

ஸ்டெப் 4: ஃபோகஸ் டெஸ்ட்

இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. ட்ரைபாட், 1 மீட்டர் தூரத்துல 45 டிகிரி சாய்ச்சு வச்ச ஒரு ஸ்கேல். எஃப்2ல வச்சு, ஸ்கேல்ல 15ங்கற கோட்டுல ரேஞ்ச்ஃபைண்டர் பேட்ச்சை ஒன்னா சேத்து எடுங்க. ரிங்கைக் கலைச்சு விட்டு திரும்ப ஃபோகஸ் பண்ணி இன்னும் சில தடவை எடுங்க, ஏன்னா நம்ம கண்ணும் தப்பு பண்ணும். அப்புறம் லைவ் வியூல பெரிசு பண்ணி அதே கோட்டை ஃபோகஸ் பண்ணி ஒன்னு. பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க. ரேஞ்ச்ஃபைண்டர்ல எடுத்த எல்லா படத்துலயும் ஷார்ப்பா இருக்கறது 17 ஆவோ 13 ஆவோ இருந்தா லென்ஸும் பாடியும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். உங்ககிட்ட நல்ல லென்ஸ் இன்னொன்னு இருந்தா அதையும் இதே மாதிரி எடுங்க, அதுவும் தள்ளிப் போனா கோளாறு பாடில.

ஜூபிட்டர்ல இது சகஜம். அது ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின, ஜெர்மன் கம்பெனி சைஸ் (Zeiss) பண்ணின கான்டாக்ஸ் கேமரா லென்ஸோட வாரிசு, அந்த கணக்குல 50னா 52.4 எம்எம், லைக்கா கணக்குல 51.6. தூரத்துல சரியா இருந்தா கிட்டத்துல நழுவும், கிட்டத்துல சரி பண்ணா தூரத்துல போகும். ஃபிலிம் காலத்துல சின்ன பிரிண்ட்ல யாருக்கும் தெரியல. எஃப்2ல, 1 மீட்டர்ல டெப்த் (ஷார்ப்பா தெரியற ஆழம்) மொத்தமே சுமார் 5 செமீ, அதுவும் பிரிண்ட் கணக்குதான், 24 மெகாபிக்சலை 100 சதவீதத்துல பாக்கறவங்களுக்கு அதுல பாதி கூட மிஞ்சாது.

நழுவுச்சுன்னா உடனே பிரிக்காதீங்க. கிட்டத்துல எஃப்5.6 வைங்க, இல்ல லைவ் வியூ போங்க. உள்ளே ஷிம் (தூரத்தைச் சரி பண்ற மெல்லிய வளையம்) வைக்கறது மெக்கானிக் வேலை.

ஸ்டெப் 5: வெளியே எடுத்துட்டுப் போறது

அபெர்ச்சரை முதல்ல வைங்க, அப்புறம் ஃபோகஸ். ரிங்ல க்ளிக் கிடையாது, அதைத் திருப்பும்போது ஃபோகஸும் சேர்ந்து நகரும். மத்தியான வெயில்ல எஃப்2 ஆசை வேணாம், ஐஎஸ்ஓ 200ல 1/4000க்கு மேல ஷட்டர் போகாது, வெளுத்துடும், எஃப்4 வச்சா தாங்கும். ரா (RAW) ஃபைலா எடுங்க, கான்ட்ராஸ்ட் கம்மியா வர்றதை எடிட்ல ஏத்திக்கலாம். சூரியன் பக்கவாட்டுல அடிச்சா படம் மொத்தமும் வெளிறிப் போகும், அதனால ஹூட் கண்டிப்பா வேணும், 40.5 எம்எம் த்ரெட்னு கேட்டு வாங்குங்க.