பான் மீ ரொட்டி நமத்துப்போனது முள்ளங்கியால்

பான் மீ என்னும் வியட்நாம் சாண்ட்விச் செய்யப்போய் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணானது. பன்றி இறைச்சி நன்றாகவே வந்தது: மீன் சாஸ், சர்க்கரை, பூண்டு, எலுமிச்சைப்புல் சேர்த்து ஊறவைத்துச் சுட்டேன். ஆனால் இரண்டாவது கடியிலேயே ரொட்டி நமத்துவிடும். இறைச்சிச் சாற்றை வடித்துப் பார்த்தேன், பயனில்லை. ரொட்டியைக் கூடுதலாகச் சுட்டேன், மேல்தோடு அண்ணத்தைக் கிழித்தது.

கோளாறு டோ சுவாவில், அதாவது முள்ளங்கி-கேரட் ஊறுகாயில் இருந்தது. வினிகரில் போடும் முன் உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைய வேண்டும். முள்ளங்கிக் குச்சியை வளைத்தால் இரு முனையும் உடையாமல் தொட வேண்டும், அதுதான் பதம். அப்புறம் கழுவி இறுகப் பிழிந்தேன். அரை டம்ளர் தண்ணீர் இறங்கியது! வினிகரிலிருந்து எடுத்ததும் மறுபடி பிழிந்தேன். ரொட்டியின் உள்பக்கம் ஓரம்வரை மயோனைஸ் தடவினேன். கடைசிக் கடிவரை மொறுமொறுப்பு. அப்பாடா!