கட்சி மாறியவரின் அரசியல் வாழ்க்கையை எழுதும் முறை

கட்சி மாறிய ஓர் அரசியல்வாதியைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கட்சிகளின் பெயர்களைத்தான் முதலில் வரிசைப்படுத்துகிறார்கள். அதற்கு முன்பே ஆண்டு, தொகுதி, சின்னம், கூட்டணி, முடிவு என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு, தொகுதி, முடிவு ஆகியவற்றுக்குத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை போதுமானது.

எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வில் தொடங்கி பா.ஜ.க., காங்கிரஸ் வரை போன சு. திருநாவுக்கரசரை எடுத்துக்கொள்வோம். பழைய அறிக்கைகளில் அவர் திருநாவுக்கரசு என்றே இருப்பார். இரண்டு பெயர்களிலும் தேடாவிட்டால் பாதி வாழ்க்கை கிடைக்காது. 1977 முதல் 1996 வரை ஆறு சட்டமன்றப் பொதுத்தேர்தல்களில் அறந்தாங்கியில் தொடர்ந்து வென்றவர் அவர். அந்த ஆறையும் ஒரே சின்னத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 1989-இல் அ.தி.மு.க. பிளவுபட்டு இரட்டை இலை முடக்கப்பட்டிருந்ததால் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும், ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன.

தொகுதிப் பத்திதான் எழுதுபவருக்கு அதிகம் பயன்படுவது. 1999-இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்ற தம் கட்சியின் சார்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்ற அவர், 2002-இல் அக்கட்சியை பாரதிய ஜனதாவுடன் இணைத்தார். 2009-இல் பா.ஜ.க. வேட்பாளராகவும், காங்கிரசில் சேர்ந்தபின் 2014-இல் அக்கட்சியின் வேட்பாளராகவும் ராமநாதபுரத்தில் நின்று இரண்டு முறையும் தோற்றார். ஊர் விட்டு ஊர் போனார் என்று எழுதத் தோன்றும். ஆனால் 2008 தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், அறந்தாங்கி ராமநாதபுரத்தோடும் புதுக்கோட்டை நகரம் திருச்சியோடும் சேர்க்கப்பட்டன. 2019-இல் காங்கிரஸ் வேட்பாளராக அவர் நாலரை லட்சத்துக்கும் கூடுதலான வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதியும் திருச்சிதான். கட்சிகள் மாறின, மனிதர் தம் மண்ணை விட்டு அதிகம் நகரவில்லை.

கூட்டணிப் பத்தியை நிரப்பும்போது இன்னொன்று புலப்படும். எம்.ஜி.ஆரின் ஆளாக, தி.மு.க.வை எதிர்த்து அரசியலுக்கு வந்த அவருக்கு 1999, 2019 ஆகிய இரண்டு மக்களவை வெற்றிகளும், டெல்லியில் எதிரெதிர் அணிகளில் இருந்தபோதிலும், தமிழ்நாட்டில் தி.மு.க. இருந்த கூட்டணியில்தான் கிடைத்தன. பேட்டிகளில் சொல்லப்படும் கொள்கை விளக்கத்தைவிட இந்த ஒரு வரிக்கு நான் கூடுதல் இடம் தருவேன்.

வினைச்சொல்லில் கவனம் தேவை. விலகினார், நீக்கப்பட்டார், தனிக்கட்சி கண்டார், இணைத்தார் ஆகியவை வெவ்வேறு நிகழ்ச்சிகள்; எல்லாவற்றையும் 'தாவினார்' என்று முடிப்பது சோம்பேறித்தனம். பதவியில் இருக்கும்போது மாறினால் சட்டமும் குறுக்கே வரும். கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, ஒரு கட்சியின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி போகாது என்று விதிவிலக்கு அளித்தது. 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது திருத்தம் அதை நீக்கியபின், மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்கும் கட்சி இணைப்புக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. ஆகவே மாறிய தேதியை எழுதும்போது, அன்று அவர் எந்த அவையில் உறுப்பினராக இருந்தார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

அட்டவணையின் அடியில் ஒரு வரியைக் காலியாக விட்டுவையுங்கள். 2021-இல் அதே அறந்தாங்கியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்ற ராமச்சந்திரன், திருநாவுக்கரசரின் மகன்.