ரொறன்ரோ மாநகரசபைக் கடிதம் தமிழில் வேண்டுமென்றால்

மாநகரசபையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் முதலில் தேட வேண்டியது அதிலுள்ள கெடுத் திகதியை. தமிழ்ப் பிரதி வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கலாம், கெடு காத்திருக்காது. கட்டளை, தண்டப்பணம், வரி என்று சட்டத்தோடு சம்பந்தப்பட்ட எதிலும் செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான். ஆகவே இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். கடிதம் என்ன சொல்கிறது என்பதை அன்றைக்கே வாய்மொழியாகத் தமிழில் கேட்டு அறிவது ஒன்று. எழுத்தில் தமிழ்ப் பிரதி கேட்பது மற்றது. முதலாவது ஒரு தொலைபேசி அழைப்போடு முடியும். இரண்டாவதுக்கு வாரக்கணக்கில் செல்லலாம், கிடைக்காமலும் போகலாம்.

கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சொத்துவரி, தண்ணீர், குப்பை, வீதியோர வாகனத் தரிப்பு, கட்டட அனுமதி எல்லாம் மாநகரசபையின் பொறுப்பு. வாடகைத் தகராறும் சாரதி அனுமதிப்பத்திரமும் ஒன்ராறியோ மாகாணத்துடையவை. குடிவரவும் வருமானவரியும் மத்திய அரசுடையவை. மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சபைகள் உண்டு. அங்கிருந்து வந்த கடிதத்துக்கு ரொறன்ரோ அலுவலர் பதில் சொல்ல முடியாது.

ரொறன்ரோக் கடிதம் என்றால் மாநகரசபையின் பொதுத் தொலைபேசி இலக்கமான 311ஐ அழையுங்கள். நகருக்கு வெளியிலிருந்து என்றால் 416-392-2489. இருபத்துநான்கு மணிநேரமும் எடுப்பார்கள். தமிழ் உட்பட 180க்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பாளர் உண்டு, கட்டணம் இல்லை. பதிவுசெய்த குரல் ஆங்கிலத்தில்தான் வரும். அது முடிந்து ஆள் எடுத்ததும் “தமிழ் இன்டர்ப்ரிட்டர், ப்ளீஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள். இந்த இடைவெளியில் கோடு அறுந்துவிட்டதென்று நினைத்து வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். பிறகு மூவரும் ஒரே அழைப்பில் இருப்பீர்கள். நீங்கள் பேச வேண்டியது அலுவலரோடு. உரைபெயர்ப்பாளர் இருவர் சொல்வதையும் மொழிமாற்றுவார், ஆலோசனை சொல்லமாட்டார்.

இருவருக்கும் உங்கள் கையிலுள்ள தாள் தெரியாது என்பதை மறக்காதீர்கள். “ஒரு கடிதம் வந்திருக்கு, என்னவென்று சொல்லுங்கோ” என்றால் வேலை நகராது. கடிதத்தின் பெரிய எழுத்துத் தலைப்பு, மேல் மூலையிலுள்ள கணக்கு இலக்கம் அல்லது கோப்பு இலக்கம், உங்கள் முகவரி, கடிதத் திகதி ஆகியவற்றை முன்னே வைத்துக்கொண்டு அழையுங்கள். ஆங்கிலச் சொல்லை வாசிக்க முடியாவிட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், அது போதும். மூன்று கேள்விகள் கட்டாயம்: நான் என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள், செய்யாவிட்டால் என்ன நடக்கும். முடிவில் உங்கள் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு அந்தக் கடிதத்திலேயே எழுதி வையுங்கள். உரைபெயர்ப்பாளரின் பேச்சு வழக்கு விளங்கவில்லையென்றால் வேறொருவரைக் கேட்பதில் தவறில்லை. யாழ்ப்பாணத் தமிழும் சென்னைத் தமிழும் தொலைபேசியில் ஒன்றையொன்று தவறவிடும் இடங்கள் உண்டு.

எந்தக் கடிதங்களை ஒருநாளும் தள்ளிவைக்கக் கூடாது? வீடு வாங்கியவர்களுக்கு முதலாவது, வெற்று வீட்டு வரிக்கான பிரகடனம். நீங்களே அந்த வீட்டில் குடியிருந்தாலும் ஆண்டுதோறும் “இது வெற்று வீடல்ல” என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காத வீடு வெற்று வீடாகவே எடுத்துக்கொள்ளப்படும். 2024 வசந்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படித்தான் வரிச்சீட்டுப் போனது. அப்போது வரி, வீட்டின் மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், 2024 வரியாண்டிலிருந்து 3 சதவீதம். மதிப்பீடு 700,000 டொலர் என்றால் 21,000 டொலர். பிரகடனத்துக்கு 21 இலக்கங்கள் கொண்ட மதிப்பீட்டு எண்ணும் வாடிக்கையாளர் எண்ணும் வேண்டும். இரண்டும் சொத்துவரிச் சீட்டில் இருக்கும். தவறுதலாக வரிச்சீட்டு வந்துவிட்டால் ஆட்சேபணை மனுக் கொடுக்கலாம். அதற்கும் கெடு உண்டு.

வாகனத் தரிப்புத் தண்டச் சீட்டுக்கு 15 நாட்கள். அதற்குள் கட்டலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம். நாள் தவறினால் தாமதக் கட்டணம் ஏறும். வீட்டின் பழுது, படிக்கட்டு, கூரை பற்றிய திருத்தக் கட்டளைக்கு மேன்முறையீடு செய்ய ஒன்ராறியோ கட்டடச் சட்டம் 14 நாட்கள் தருகிறது. தபாலில் வந்த கட்டளை, அனுப்பிய ஐந்தாம் நாள் கையளிக்கப்பட்டதாகக் கணக்கு. ஆகவே உறையைக் குப்பையில் போடாதீர்கள், தபால் முத்திரைத் திகதி பிறகு கைகொடுக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டடத்தின் உயரம், அளவு போன்றவை பற்றிய மாநகர விதியிலிருந்து சிறு விலக்குக் கேட்டு விண்ணப்பித்தால், 60 மீற்றருக்குள் உள்ள வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அறிவித்தல் வரும். பத்து நாட்கள் என்பது மொழிபெயர்ப்புக்குப் போதாது. 2022 நவம்பரிலிருந்து அயலவர் இத்தகைய முடிவை மேன்முறையீடு செய்யவும் முடியாது. சொல்ல வேண்டியதை விசாரணைக்கு முன்னோ விசாரணையிலோ சொல்லிவிட வேண்டும். அறிவித்தல் வந்த அன்றே 311ஐ அழைத்து விபரம் கேட்டு, உங்கள் கருத்தை எளிய ஆங்கிலத்தில் யாரிடமாவது எழுதுவித்து அனுப்புங்கள்.

இனி எழுத்துப் பிரதி. சில வெளியீடுகள் ஏற்கனவே தமிழில் உண்டு. எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்குள் என்ற கையேடு அவற்றில் ஒன்று. எனவே முதல் கேள்வி “இது தமிழில் ஏற்கனவே இருக்கிறதா?” என்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் அந்தத் தாளை வெளியிட்ட பிரிவுக்குக் கோரிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். தாளின் பெயர், திகதி, உங்கள் தெரு அல்லது கட்டடம், எந்தத் திகதிக்குள் தேவை, ஏன் தேவை ஆகிய ஐந்தும் கோரிக்கையில் இருக்க வேண்டும். தனிப்பட்ட கடிதத்தை மொழிபெயர்த்துத் தருவது அரிது. எல்லோருக்கும் பொதுவான அறிவித்தல், கூட்ட அழைப்பு, கட்டுமான வேலை அறிவித்தல் என்றால் வாய்ப்பு அதிகம். ஒருவர் கேட்பதைவிட அதே கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, கதவு இலக்கங்களோடு கையெழுத்திட்டுக் கேட்பது எடுபடும். அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை உங்கள் நகரமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நகரில் 25 வட்டாரங்கள், அவற்றில் 20 முதல் 25 வரை ஸ்காபரோவில். பொதுக்கூட்டத்தில் தமிழ் உரைபெயர்ப்பு வேண்டுமென்றாலும் இதே வழிதான். வாசலில் வந்து கேட்டால் ஏற்பாடு செய்ய முடியாது.

கைத்தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்ப்பது விடயத்தைப் பிடிக்க உதவும், முடிவெடுக்க உதவாது. இயந்திரம் “இல்லையேல்”, “தவிர” போன்ற நிபந்தனைகளை அடிக்கடி புரட்டிவிடும். மாநகரசபை இணையத்தளத்தின் மொழிமாற்றுப் பொத்தானும் இயந்திரம்தான். இணைத்துள்ள பிடிஎப் கோப்புகள் அதில் மாறாமல் ஆங்கிலத்திலேயே நிற்கும். திகதி, தொகை, இலக்கம் மூன்றையும் ஆங்கிலத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு கட்டளைக் கடிதங்களை வாசிப்பிக்க வேண்டாம். ஆங்கிலம் தெரிந்தாலும் சட்டம் அதற்குத் தெரியாது, பிழைத்தால் பாரம் பிள்ளையின் தலையில் விழும். பல பொது நூலகக் கிளைகளில் குடியமர்வு ஆலோசகர்கள் இலவசமாக உதவுகிறார்கள். அது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும் உரியது. அகதிக் கோரிக்கை இன்னும் முடியாதவர்கள் சமூக சேவைகள் பற்றிய தகவல் தரும் இலக்கமான 211ஐ அழைத்துத் தங்களுக்குரிய அமைப்பைக் கேட்கலாம். அங்கும் தமிழில் பேசலாம்.

பொலிஸ் தந்த வேகச் சீட்டு போன்றவை நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உரைபெயர்ப்பாளர் கேட்பது சலுகை அல்ல, கனடிய உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை. விசாரணை கேட்கும் படிவத்திலேயே மொழியை எழுத ஓர் இடம் இருக்கும், “தமிழ்” என்று ஆங்கிலத்தில் நிரப்புங்கள். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மாகாண வீட்டுரிமையாளர் - குடியிருப்பாளர் சபையில் நிலைமை வேறு. அங்கே தமிழ் உரைபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிச்செல்ல வேண்டும்.

வந்த கடிதத்தை விளங்கிக்கொள்ள அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். அது தேவைப்படுவது எதிர்த் திசையில்: உங்கள் பிறப்புச் சான்றிதழையோ திருமணப் பதிவையோ ஆங்கிலத்தில் கொடுக்கும்போது. குடிவரவுத் திணைக்களத்துக்கு என்றால் உறவினர் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது, அவர் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் கூட.