நர்சரிப் பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்குவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் பள்ளி திறக்கும்போதே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு மழை. ஜன்னல் அடைத்த அறையில் நெருங்கி உட்காரும் பிள்ளைகளிடையே சளியும் வயிற்றுப்போக்கும் எளிதாகத் தொற்றும். எல்கேஜி வகுப்பை முதன்முறையாக ஏற்கும் ஆசிரியைகளே, எழுத்துக்கு முன்பே சோப்பைக் கையில் கொடுங்கள்.

1. குழாய் பிள்ளைக்கு எட்டவில்லையா? திருகுகுழாய் பொருத்திய மூடி போட்ட வாளியைத் தாழ்வான பெஞ்சில் வையுங்கள். ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் எல்லாரும் கையை முக்க விடவே கூடாது. முதல் பிள்ளையின் கை அழுக்கு கடைசிப் பிள்ளையின் சோற்றுக்குப் போய்விடும். கழுவிய நீரை வாழை மூட்டுக்குத் திருப்பிவிடுங்கள், தேங்கினால் கொசு.

2. பிள்ளைகள் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு ஓடப் பார்ப்பார்கள். புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நக நுனி என்று நீங்களும் உடன் நின்று தேய்த்துக் காட்டுங்கள். குறைந்தது 20 விநாடி வேண்டும். ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ணச் சொன்னால் எண்களும் மனதில் படியும். அவசரப்படுத்தாதீர்கள், சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வரிசையைத் தொடங்குங்கள்.

3. துடைக்க ஆளுக்கொரு சிறு துவர்த்து. பொதுத்துண்டு வேண்டாம்.

4. சாப்பிடும் முன், கழிப்பறை சென்ற பின், மணலில் விளையாடிய பின் கட்டாயம் கழுவ வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் நகத்துக்குள் மணல் ஏறியிருக்கும். வாரம் ஒருமுறை நகம் வெட்டிவிடும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

5. சானிடைசர் இருக்கிறதே என்று சோப்பை விட்டுவிடாதீர்கள். பலர் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லும் கை, கால், வாய்க் கொப்புள நோயின் வைரஸை ஆல்கஹால் சானிடைசர் சரிவர அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் நம்பகமானவை.

6. காய்ச்சலோடு வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளம் தெரிந்தால் அன்றே பெற்றோரை அழைத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்த பிறகு வரட்டும். அந்தப் பிள்ளையைத் தள்ளி உட்காரவைத்து மனம் நோகச் செய்யாதீர்கள். ஆனால் மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வரை வெளியேறும் என்பதால், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் ஆயாவும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.